அவரா, அவங்களா, அவளா?

(பல்கலைக்கழகப் பணியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கான அறிமுகப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகப்படுத்திய நண்பர் மூன்று நிமிடத்துக்குள் என் பெயருக்குப் பின்னால் ஏழெட்டு 'அவர்கள்' போட்டுவிட்டார். எண்ணிக்கொண்டிருந்தேன், இலக்கணம் நடத்தியவளுக்கு ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம். 'அவர்' என்பதே பன்மை. அதன் தலையில் 'கள்' என்று இன்னொரு பன்மை. ஓய்வூதியம் வாங்கும் ஒற்றைக் கிழவிக்கு இரட்டைப் பன்மை. அதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. மேடையிலிருந்து ஒரு குரல் கேட்டது: "மைக் செட்காரன் எங்கே? அவனை வரச் சொல்லுங்க." வந்தவருக்கு ஐம்பது வயதுக்குக் குறையாது. காதோரம் முழுக்க நரை. ஒயரைக் கழற்றி மாட்டினார், சரியாயிற்று, போய்விட்டார்.

யாரையும் சங்கடப்படுத்த இதைச் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்த தலைப்பு, 'வகுப்பறையில் சுட்டுப்பெயரைப் பகிர்தல்'. குறிப்பில் அமெரிக்காவிலிருந்து தொடங்குவதாக எழுதி வைத்திருந்தேன். மைக் செட்டிலிருந்தே தொடங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஒரே மேடை, ஐந்து நிமிட இடைவெளி, ஒருத்திக்கு 'அவர்கள்', ஒருத்தருக்கு 'அவன்'. இதை யாரும் யோசித்துச் செய்யவில்லை. வாய் தானாகச் செய்தது.

சரி, அமெரிக்காவுக்குப் போய்விட்டு வந்துவிடுவோம். அங்கே பல பல்கலைக்கழகங்களில் முதல் வகுப்பில் மாணவர்கள் தம் பெயரைச் சொல்லும்போது, தம்மைச் சுட்ட எந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் சொல்வது பழக்கமாகியிருக்கிறது. 'ஹீ', 'ஷீ', அல்லது 'தே'. மின்னஞ்சலின் அடியில் பெயருக்குப் பக்கத்தில் அதை எழுதுகிறார்கள். வெர்மான்ட் பல்கலைக்கழகம் 2009லேயே மாணவர் பதிவேட்டில் இதற்கு இடம் ஒதுக்கியது. ஹார்வர்டு 2015இல் பதிவுப் படிவத்தில் சேர்த்தது. எதிர்ப்பும் அதே அளவுக்குக் கிளம்பியது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய அரசு ஊழியர்கள் மின்னஞ்சல் கையெழுத்திலிருந்து இவற்றை நீக்க வேண்டும் என்று உத்தரவே வந்தது.

அங்கே எழுந்த எதிர்ப்பில் ஒரு பகுதி இலக்கணத்தின் பெயரால் வந்தது. ஆணென்றோ பெண்ணென்றோ தன்னைச் சொல்லிக்கொள்ள விரும்பாத ஒருவர், 'என்னைத் தே என்று சொல்லுங்கள்' என்கிறார். 'தே பன்மையாயிற்றே, ஒற்றை ஆளுக்கு எப்படிப் பொருந்தும்?' என்று பேராசிரியர்கள் பொங்கினார்கள். ஆங்கிலத்தில் ஒருமைக்கு அதைப் பயன்படுத்துவது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. இருந்தாலும் பொங்கினார்கள்.

இந்தச் சண்டையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் நம் வீட்டில் இது முடிந்துபோன வழக்கு. ஒருவரைப் பன்மையால் குறிப்பது பற்றித் தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டது. அது வழக்கில் வந்த உயர்வுச் சொல், கறாரான இலக்கண முறை அல்ல என்பது தீர்ப்பின் சாரம். அதாவது, 'விதிப்படி தப்புதான், ஆனால் மக்கள் மரியாதைக்காகச் சொல்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.' இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டது இருந்தேவிட்டது. இன்றைக்கு ஒரு பெரியவரைப் பற்றி 'அவர் வந்தார்' என்றால் அது பன்மை என்பது நம் நினைவுக்கே வருவதில்லை.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. 'ஒருவர்'. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, எண்ணிக்கையில் ஒன்று, வினை மட்டும் பலர்பாலில் முடியும். 'ஒருவர் வந்தார்.' இதையும் தொல்காப்பியர் பெயரியலில் விளக்கியிருக்கிறார். ஆங்கிலம் பேசுவோர் 'தே'யை வைத்துக்கொண்டு படும் பாடு அத்தனையும் இந்த நான்கெழுத்துச் சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இதைக் கேட்டதும் சில முகங்களில் ஒரு நிம்மதி தெரிகிறது. 'அப்படியானால் நமக்குப் பிரச்சினையே இல்லை. எல்லோரையும் அவர் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.' நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு மாணவி என்னைத் திருத்தினாள்.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரி. எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். முதுகலை வகுப்பில் ஒரு திருநங்கை சேர்ந்தாள். வருகைப் பதிவேட்டில் பழைய பெயர் இருந்தது. அவள் தன் பெயரை என்னிடம் சொன்னாள். நான் அதையே கூப்பிட்டேன். சுட்டிப் பேசும்போது 'அவரு' என்று சொன்னேன். "அவரு இந்தக் கட்டுரையை நல்லா எழுதியிருக்காரு, கேளுங்க." மரியாதை கொடுக்கிறோம் என்று எனக்கு உள்ளூரப் பெருமிதம்கூட இருந்தது. இரண்டு வாரம் கழித்து வராந்தாவில் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "அம்மா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? அவருன்னு சொல்றீங்க. எங்க அப்பாவைத்தான் நான் அவருன்னு சொல்வேன். என்னை அவங்கன்னு சொல்லுங்க. இல்லன்னா அவள்னே சொல்லுங்கம்மா, எனக்கு அதுதான் சந்தோஷம்."

முப்பது வருடம் இலக்கணம் நடத்தியவள் நான். எழுத்துத் தமிழில் 'அவர்' இருபாலுக்கும் பொது. பேச்சுத் தமிழில் 'அவரு' ஆண்பால். 'டாக்டர் வந்தாரு' என்றால் ஆண் டாக்டர். பெண் டாக்டர் என்றால் 'வந்தாங்க'. பேச்சில் பொதுச்சொல் 'அவங்க'தான். யாழ்ப்பாணத்தில் இது இன்னும் துலக்கமாக இருக்கும். அங்கே மரியாதைக்குரிய ஆணுக்கு 'அவர்', பெண்ணுக்கு 'அவ'. இதெல்லாம் மொழியியல் மாணவர் முதல் ஆண்டில் படிப்பது. எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அந்தப் பெண்ணை இரண்டு வாரம், நாற்பது பேர் முன்னால், மரியாதையோடு ஆணாக்கிக்கொண்டிருந்தேன்.

இதில் நான் கற்றது ஒன்று உண்டு. மரியாதைச் சொல் எது என்று நாமே முடிவு செய்துவிட முடியாது. ஒருவருக்கு 'அவங்க' போதும். இன்னொருவருக்கு 'அவங்க' என்பது நழுவல்போலத் தெரியும்: 'என்னைப் பெண் என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் பொதுவாக ஒரு சொல்லைப் போடுகிறாயா?' வாழ்நாள் முழுக்க 'அவள்' என்ற ஒரு சொல்லுக்காக வீட்டையும் ஊரையும் விட்டு வந்தவருக்கு, நாம் மட்டம் என்று நினைக்கும் அந்த ஒருமைதான் மகுடம். ஆகவே கேட்க வேண்டும். சுட்டுப்பெயரைக் கேட்பது என்ற வழக்கத்தின் நியாயம் எனக்கு அமெரிக்காவிலிருந்து வரவில்லை, அந்த வராந்தாவிலிருந்து வந்தது.

பழைய இலக்கணம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பிறகு உட்கார்ந்து தேடினேன். தேடினேன் என்பதுகூடச் சரியில்லை. நானே நடத்திய நூற்பாக்கள், பரீட்சைக்கு வராது என்று தாண்டிப் போனவை. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர்களுக்கு அவற்றுக்கென்று தனி ஈறு இல்லை, உயர்திணை ஈறே வரும் என்கிறார் தொல்காப்பியர். அதே நூற்பாவில் இன்னொரு சொல்லும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது: தெய்வம். அதற்கும் தனி ஈறு இல்லை. சில நூற்பாக்கள் தள்ளி, அந்தப் பெயர்கள் ஆண்பால் சொல்லைக் கொள்ளா என்று திட்டமாகச் சொல்கிறார். நான் சொன்ன 'எழுதியிருக்காரு' அப்போதே தடை செய்யப்பட்ட சொல்.

நன்னூல் இன்னும் சுவாரசியம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் பேடு என்ற பெயருக்குப் பால் வகுக்கும்போது உடம்பைப் பார்க்கவில்லை. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவினால் ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவினால் பெண்பால். அவாவுதல் என்றால் விரும்புதல். இலக்கண விதிக்குள் விருப்பம் வந்து உட்கார்ந்திருக்கிறது. தம் பாலினம் எது என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமை திருநருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014 ஏப்ரல் 15இல்.

இப்படிச் சொன்னதும் கைதட்டல் வரும் என்று தெரியும். தட்ட வேண்டாம், அந்த நூற்பா இன்னும் முடியவில்லை. அந்த இரு வகையாரும் அஃறிணை போலவும் வருவர் என்று பவணந்தியார் அடுத்த மூச்சில் சேர்க்கிறார். விருப்பப்படி பாலைக் கொடுத்த அதே கை, மாட்டோடும் மரத்தோடும் சேர்க்கவும் வாசலைத் திறந்து வைக்கிறது. 'அதுவா? அது அந்தப் பக்கம் போச்சு' என்று இன்றைக்கும் தெருவில் கேட்கிறோமே, அந்தப் பேச்சுக்கு இலக்கண ஆதாரம் நம் பாடநூலிலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தின் 'திரிந்த' என்ற சொல்லும் என்னை உறுத்துகிறது, பால் திரிந்துபோவதைப்போல. பழைய நூல்களில் நமக்கு எல்லாம் இருந்தது என்று மார்தட்டுகிறவர்கள், இருந்தவற்றில் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நான் அவாவுதலை எடுத்துக்கொள்கிறேன். அஃறிணையை அங்கேயே விட்டுவிடுகிறேன்.

சொல்லை மாற்ற முடியுமா என்று கேட்டால், என் கண்ணெதிரே மாறியிருக்கிறது. நான் படித்த காலத்தில் திருநரைக் குறிக்கப் பத்திரிகைகள் எழுதிய சொற்களை இந்த மேடையில் உச்சரிக்க மாட்டேன். 2008இல் தமிழ்நாட்டில் இவர்களுக்கென நல வாரியம் அமைந்தது, இந்தியாவிலேயே முதலாவது. அதையொட்டி 'திருநங்கை' அரசாணையிலும் செய்தித்தாளிலும் நிலைத்தது. 'திருநம்பி', 'திருநர்' தொடர்ந்து வந்தன. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக, பால்புதுமையினரைக் கண்ணியமாகக் குறிப்பதற்கான சொற்பட்டியலை 2022இல் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் பேருந்து நடத்துநர்கூட 'திருநங்கை' என்று சொல்லப் பழகிவிட்டார். பெயர்ச்சொல் மாறிவிட்டது. அந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும் வினைச்சொல்தான் இன்னும் தடுமாறுகிறது. 'திருநங்கை ஒருவர் வந்தான்' என்று ஒரு படித்தவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வினைச்சொல் என்றதும் நம் மொழியின் ஒரு கண்டிப்பைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் சங்கடமாக இருந்தால் சுட்டுப்பெயரைத் தவிர்த்துவிட்டுப் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லித் தப்பிக்கலாம். வினையில் பால் கிடையாது. தமிழில் தப்ப முடியாது. பெயரைச் சொன்னாலும் 'வந்' என்பதோடு நிறுத்த முடியுமா? 'தான்', 'தாள்', 'தார்' என்று ஏதாவது ஒன்றில் முடிக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி எழுத்திலும் ஒரு தீர்ப்பு இருக்கிறது.

ஆனால் கவனியுங்கள். 'நான் வந்தேன்', 'நீங்கள் வந்தீர்கள்' என்பவற்றில் பால் இல்லை. ஆள் எதிரே இருக்கும்போது தமிழ் கேள்வி கேட்பதில்லை. ஆளைப் பற்றி வேறொருவரிடம் பேசும்போதுதான் ஆணா பெண்ணா என்று கேட்கிறது. ஆகவே இந்த விஷயத்தில் நம் நாணயம் தெரியவரும் இடம் ஆசிரியர் ஓய்வறை. வகுப்பில் பதவிசாக 'வாங்கம்மா' என்று சொல்லிவிட்டு, ஓய்வறைக்கு வந்து டீயை ஊதிக்கொண்டே 'அவன் இன்னிக்கு வளையல் போட்டுட்டு வந்திருக்கான் சார்' என்றால், காலையில் கேட்ட துண்டுத்தாளுக்கு அர்த்தமில்லை.

துண்டுத்தாள் என்றேன். அதற்கு வருகிறேன்.

வெளிநாட்டில் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொல்லும் முறையை இங்கே அப்படியே இறக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை. மூன்று பேருந்து மாறி வருகிறது. அதே ஊர்ப் பையன் பக்கத்து பெஞ்சில் இருக்கிறான். தன் மனசுக்கே இன்னும் சொல்லி முடிக்காத ஒன்றை அறுபது பேர் முன்னால் சொல் என்றால், ஒன்று பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அன்று மாலையே செய்தி வீட்டுக்குப் போய்ச் சேரும். வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? அணைத்துக்கொள்வதற்காகச் செய்கிற காரியம் ஒரு பிள்ளையைத் தெருவுக்குத் துரத்திவிடக் கூடாது.

அதனால் நான் கடைசி நான்கைந்து ஆண்டுகள் செய்தது இது. முதல் வகுப்பில் ஒரு துண்டுத்தாள் கொடுப்பேன், எல்லோருக்கும். முதல் கேள்வி: உங்களை எந்தப் பெயரால், எப்படிக் கூப்பிட வேண்டும்? இரண்டாவது கேள்வி: எல்லோர் முன்னிலும் அப்படியே கூப்பிடலாமா, என்னிடம் மட்டும் இருக்கட்டுமா? மூன்றாவது: வீட்டுக்குக் கடிதமோ போனோ போனால் எந்தப் பெயர்? எழுத விருப்பமில்லாதவர்கள் வெற்றுத்தாளை மடித்துக் கொடுக்கலாம். இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்பது அனுபவத்தில் தெரிந்தது. 'உங்களிடம் மட்டும்' என்று எழுதியவர்கள் இருந்தார்கள். அந்தத் தாளை நான் யாரிடமும் காட்டியதில்லை, துறைத்தலைவரிடம்கூட. ஆண்டு முடிந்ததும் கிழித்துவிடுவேன்.

'எப்படிக் கூப்பிட வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டதற்கும் காரணம் உண்டு. நம் மொழியில் பால் சுட்டுப்பெயரில் மட்டும் இல்லை. 'வாடா', 'வாடி', 'சொல்லுப்பா', 'சொல்லும்மா', 'தம்பி', 'பாப்பா', இத்தனையிலும் இருக்கிறது. ஒரு பிள்ளை எழுதியிருந்தது: 'தயவுசெய்து என்னைத் தம்பி என்று கூப்பிடாதீர்கள்.' சுட்டுப்பெயர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்னொரு தாளில், இது எதோடும் தொடர்பில்லாமல், 'என் பெயரோடு என் அப்பா பெயரைச் சேர்த்து வாசிக்க வேண்டாம், சிரிக்கிறார்கள்' என்று இருந்தது. அந்தப் பெயரைக் கேட்டாலே சாதி தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. கேள்வியைத் திருநர் மாணவர்களை நினைத்து வைத்தேன். பதில் எல்லாத் திசையிலிருந்தும் வந்தது.

தவறு வரும். எனக்கு இன்னும் வருகிறது. 'அவன்... மன்னிக்கவும், அவள்' என்று திருத்திக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுங்கள். பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்டு உருகினால், அந்தப் பிள்ளை உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

இதை விதியாக்கலாமா என்று துணைவேந்தர் காலையில் கேட்டார். விதியாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். ஒஹையோ மாநிலத்தில் ஷானி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2018இல் ஒரு தத்துவப் பேராசிரியர் வகுப்பில் ஒரு மாணவியை 'சார்' என்று விளித்தார். அங்கே தொடங்கியது. பெண்ணுக்குரிய சொற்களால் தன்னைக் குறிக்கும்படி அந்த மாணவி கேட்டார், பேராசிரியர் தம் மத நம்பிக்கைப்படி முடியாது என்றார், பல்கலைக்கழகம் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது, பேராசிரியர் வழக்குப் போட்டார். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பேராசிரியர் பக்கம் நின்றது. 2022இல் 4 லட்சம் டாலர் கொடுத்துப் பல்கலைக்கழகம் சமரசம் செய்துகொண்டது. மரியாதையைச் சுற்றறிக்கை போட்டு வரவழைக்கப் பார்த்தால் அது கோர்ட்டுக்குப் போகும் என்பது என் கருத்து. நல்ல பழக்கத்தைப் பழக்கமாகவே பரப்ப வேண்டும். 

ஆனால் ஓர் எல்லைக்கோடு உண்டு. ஒருவரை 'அது' என்பதும், கேலிக்காகவே பழைய பெயரைக் கூவுவதும் பழக்கக் குறைவு அல்ல, கொடுமை. பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் ராகிங் ஒழுங்குமுறையைத் திருத்தியபோது, பாலினத்தின் பெயரால், திருநர் என்பதன் பெயரால் நடக்கும் கொடுமையையும் அதற்குள் கொண்டுவந்தது. அங்கே விதி இருக்கிறது, பயன்படுத்துங்கள். புகார் வந்தால் 'பசங்க விளையாட்டு' என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

கடைசியாக மைக் செட். அதற்கு வரும் முன் ஒரு பழைய கதை. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவருடைய தோழர்களான குவேக்கர் என்ற கிறித்தவக் குழுவினரும் ஒரு காரியம் செய்தார்கள். அப்போது ஆங்கிலத்திலும் நீ, நீங்கள் இரண்டும் இருந்தன: 'தௌ', 'யூ'. கடவுள் முன் எல்லோரும் சமம், ஆகவே நீதிபதியையும் 'நீ' என்றுதான் சொல்வோம் என்றார்கள். அடி வாங்கினார்கள். ஆங்கிலம் பிறகு வேறு வழியில் போயிற்று. 'நீ'யை மெல்லக் கைவிட்டு, எல்லோரையும் 'நீங்கள்' ஆக்கிவிட்டது. ஃபாக்ஸ் எல்லோரையும் கீழே இறக்கப் பார்த்தார். மொழி எல்லோரையும் மேலே ஏற்றியது. நான் ஏற்றுகிற கட்சி. திருநங்கை மாணவிக்கு அவள் கேட்ட சொல்லைக் கொடுத்துவிட்டு, விடுதியில் சோறு போடும் அம்மாவை 'அவ', காவலாளியை 'அவன்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் வளாகம், ஒரு மாணவிக்கு மட்டும் சலுகை காட்டுகிறது, அவ்வளவுதான். வயதில் மூத்த தலித் பெரியவரைச் சின்னப் பையன் 'வாடா' என்று கூப்பிட்டதைப் பார்த்து வளர்ந்த நாடு இது. யாருக்கு 'அவர்', யாருக்கு 'அவன்' என்ற பட்டியலை நமக்கு முன்னாலேயே யாரோ எழுதி நம் வாயில் வைத்துவிட்டார்கள்.

ஒலிபெருக்கியைச் சரிசெய்தவர் அதோ தூணோரம் நிற்கிறார். பேசத் தொடங்கும் முன் அவர் பெயரைக் கேட்டேன். சண்முகம் என்றார். சண்முகம் ஐயா, நன்றி.

உங்களுக்கெல்லாம் திங்கட்கிழமை முதல் வகுப்பு என்றார்கள். அலுவலகத்தில் வருகைப் பதிவேடு வாங்கும்போது ஒரு கட்டு வெள்ளைத்தாளும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தாளை நான்காகக் கிழித்தால் போதும்.